இரண்டே நாளில் யெல்லோஸ்டோன்: எதை, எந்த நேரத்தில் பார்ப்பது?

யெல்லோஸ்டோனுக்கு ஒரு வாரம் ஒதுக்கிப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. நீண்ட வார இறுதியில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் கிடைக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் கூட்டிப்போக வேண்டும், பின்சீட்டில் குழந்தைகள் வேறு என்று கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

1872 மார்ச் 1 அன்று அறிவிக்கப்பட்ட, உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பேர்பெற்ற இடம் இது. அமெரிக்காவின் வயோமிங், மொன்டானா, ஐடஹோ என்று மூன்று மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. பூமிக்கடியில் உயிரோடிருக்கும் ஒரு எரிமலை. அதன் சூட்டில் மேலே பத்தாயிரத்துக்கும் அதிகமான வெந்நீர் ஊற்றுகள், ஆவித் துளைகள், சேற்றுக் குழிகள், பீறிட்டு எழும் கெய்சர்கள். உலகத்தில் இயங்கும் கெய்சர்களில் பாதிக்கும் மேல் இங்கேதான்.

இதை இரண்டு நாளில் பார்க்க முடியுமா? முழுதாக முடியாது, முக்கியமானதைத் தாராளமாகப் பார்க்கலாம். முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் சரியான பட்டியலோடுதான் போகிறார்கள். எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போய் நிற்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறார்கள். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றைக் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் வெள்ளை ஆவியைத் தவிர ஒன்றும் தெரியாது. விலங்குகளைப் பார்க்கப் போகும் ஹேடன் பள்ளத்தாக்குக்கு மதியம் ஒரு மணிக்குப் போனால் வெறும் புல்வெளிதான் மிஞ்சும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலே பாதிப் பயணம் தேறிவிடும்.

முதலில் வரைபடம்

பூங்காவுக்குள் முக்கியச் சாலை எட்டு வடிவில் ஓடுகிறது. பெயர் கிராண்ட் லூப், மொத்தம் 142 மைல். கீழ் வளையம் 96 மைல், மேல் வளையம் 70 மைல். இரண்டுக்கும் நடுவே நாரிஸ்–கேன்யன் சாலை பொதுவானது. உச்ச வேகம் மணிக்கு 45 மைல். ஆனால் கூகுள் காட்டும் நேரத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒரு பைசன் (அமெரிக்கக் காட்டெருது) சாலை நடுவில் நின்று யோசிக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும். ஹாரன் அடித்தெல்லாம் அதை நகர்த்த முடியாது.

நேரம் குறைவாக இருக்கிறவர்கள் கீழ் வளையத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓல்டு ஃபெயித்ஃபுல், கிராண்ட் பிரிஸ்மாட்டிக், பெரிய அருவி, ஹேடன் பள்ளத்தாக்கு, ஏரி எல்லாமே அதில்தான் இருக்கின்றன. மேல் வளையத்தில் மேமத் வெந்நீர்ப் படிக்கட்டுகளும், டவர் அருவியும், கிழக்கே தள்ளி ஓநாய்களுக்குப் பேர்போன லமார் பள்ளத்தாக்கும் உள்ளன. அவை ஒன்றும் சளைத்தவை அல்ல. ஆனால் இரண்டு நாளில் இரண்டு வளையத்தையும் முடிக்கப் பார்த்தால் நீங்கள் பார்த்ததெல்லாம் முன்னால் போகும் காரின் பின்பக்கமாகத்தான் இருக்கும்.

வாயில்கள் ஐந்து. குறுகிய பயணத்துக்கு மேற்கு வாயில்தான் வசதி. வாயிலை ஒட்டியே வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற சிறு ஊர், தங்குமிடங்கள் நிறைய. சால்ட் லேக் சிட்டியிலிருந்தோ போஸ்மன் விமான நிலையத்திலிருந்தோ காரில் வருகிறவர்களுக்கு அது நேர் வழி. பூங்காவுக்குள்ளேயே தங்க அறை கிடைத்தால் அதைவிட நல்லது. ஆனால் கோடைக்கு ஓராண்டு முன்பிருந்தே முன்பதிவு செய்துகொண்டிருப்பார்கள். ஜாக்சன் பக்கமிருந்து வந்தால் தெற்கு வாயில். வழியில் கிராண்ட் டீட்டன் பூங்காவைக் கடக்க வேண்டும், அதற்குக் கட்டணம் தனி.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

சாலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். வடக்கு வாயிலிலிருந்து வடகிழக்கு வாயில் வரையான சாலை மட்டும்தான் ஆண்டு முழுதும் காருக்குத் திறந்திருக்கும். மற்றவை நவம்பர் தொடக்கத்தில் மூடி, ஏப்ரல் நடுவிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கும். சில பகுதிகள் மே மாதக் கடைசி வரை ஆகும். முதல்முறை போகிறவர்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை பத்திரமான காலம். என்னைக் கேட்டால் செப்டம்பர். கூட்டம் குறைந்திருக்கும், எல்க் மான்களின் இணைசேரும் பருவம் என்பதால் அவற்றின் கூவலும் கேட்கும்.

கட்டணம். கார் ஒன்றுக்கு 35 டாலர், ஏழு நாளைக்குச் செல்லும். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 2026 ஜனவரி முதல், அமெரிக்காவில் வசிக்காத, 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு யெல்லோஸ்டோன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம் வைத்திருக்கிறார்கள். வருடாந்தர பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250 டாலர். அடுத்து டீட்டனும் போகப் போகிறீர்கள் என்றால் பாஸ் லாபமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த விதிகள் புதியவை, மாறக்கூடும். தேசியப் பூங்காச் சேவையின் தளத்தில் கிளம்பும் வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம் போன். பூங்காவில் பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடையாது. தேசியப் பூங்காச் சேவையின் செயலியில் யெல்லோஸ்டோன் பக்கத்தை ஆஃப்லைனில் சேமித்துக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடத்தையும் அப்படியே. கெய்சர்கள் எப்போது எழும் என்ற கணிப்பும் அந்தச் செயலியில்தான் வரும். அதற்கு மட்டும் சிக்னல் வேண்டும், இல்லாவிட்டால் அங்குள்ள பார்வையாளர் மையத்தில் எழுதிவைத்திருப்பார்கள்.

பூங்காவின் பெரும்பகுதி 7,500 அடிக்கு மேல். ஜூலையிலும் விடியற்காலையில் பல் கிடுகிடுக்கும், மதியம் வெயில் சுடும். ஆகவே அடுக்கடுக்காக உடுத்திக்கொள்ளுங்கள். முதல் நாள் லேசாக மூச்சு வாங்கலாம், தண்ணீர் அதிகம் குடித்தால் சரியாகும். இதய நோய் இருக்கும் பெரியவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சாப்பாட்டைக் கையில் கொண்டுபோங்கள். மதிய வேளையில் உணவகத்தில் வரிசையில் நிற்கும் நேரத்தில் ஒரு முழு ஊற்று வயலை நடந்து முடித்துவிடலாம். மீதிச் சாப்பாட்டை மேசையில் விட்டுவிட்டு நகரக் கூடாது. காருக்குள் வைத்துப் பூட்டுங்கள், கரடிகளுக்காக உள்ள சட்டம் அது.

முதல் நாள்: கெய்சர்கள்

காலை ஆறரைக்கு மேற்கு வாயிலைக் கடந்துவிடுங்கள். மேடிசன் சந்திப்பு வரை 14 மைல், ஆற்றை ஒட்டிய சாலை. பனிமூட்டத்துக்குள் எல்க் மான்களோ பைசன்களோ மேய்ந்துகொண்டிருந்தால் ஒதுங்கிடத்தில் காரை நிறுத்திப் பாருங்கள், சாலையிலேயே நிறுத்த வேண்டாம். மேடிசனில் தெற்கே திரும்பினால் 16 மைலில் ஓல்டு ஃபெயித்ஃபுல். வழியில் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் பலகை வரும். கை துறுதுறுக்கும், திரும்பாதீர்கள். அதற்கு இன்னும் நேரம் ஆகவில்லை.

ஓல்டு ஃபெயித்ஃபுல் பூங்காவிலேயே பெரியதோ உயரமானதோ அல்ல. சொன்ன நேரத்துக்கு எழும் என்பதுதான் அதன் பெருமை. 1870-இல் அங்கே வந்த ஆய்வுக் குழு பேர் வைத்ததும் அதனால்தான். சராசரியாக ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, நூறடியிலிருந்து நூற்றெண்பது அடி வரை பீய்ச்சும். கணிப்புக்குப் பத்து நிமிடம் முன்னே பின்னே ஆகலாம். எப்படிக் கணிக்கிறார்கள் என்றால், முந்தைய முறை எவ்வளவு நேரம் பீய்ச்சியது என்பதை வைத்துத்தான். இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கிவிட்டால் அடியில் வெந்நீர் மீதமிருக்கிறது, அடுத்தது சீக்கிரம் வரும். நீளமாகப் பீய்ச்சினால் தொட்டி காலி, நிரம்பவும் சூடேறவும் அதிக நேரம் ஆகும். அதனால் ஓர் எழுச்சியைப் பார்த்தவர்களால் அடுத்தது முந்துமா பிந்துமா என்று தாங்களே ஊகிக்க முடியும். குழந்தைகளிடம் கடிகாரத்தைக் கொடுத்துவிடுங்கள், காத்திருக்கும் நேரம் தெரியாமல் போய்விடும்.

எழுச்சி முடிந்ததும் கூட்டம் மொத்தமும் கார்களுக்கு ஓடும். நீங்கள் எதிர்த்திசையில் நடக்க ஆரம்பியுங்கள். அப்பர் கெய்சர் பேசின் என்ற இந்தப் பகுதியில் ஒரு சதுர மைலுக்குள் 150-க்கும் மேற்பட்ட ஊற்றுகள். மார்னிங் குளோரி குளம் வரை ஒரு வழி ஏறத்தாழ ஒன்றரை மைல், பெரும்பாலும் சமதளம். வழியில் காசில், கிராண்ட், ரிவர்சைடு என்று கணிப்பு அறிவிக்கப்படும் கெய்சர்கள் உண்டு. எதற்காவது அரை மணி நேரத்துக்குள் முறை வருகிறது என்றால் நின்று பாருங்கள். கிராண்ட் கெய்சர், கணிக்கக்கூடியவற்றில் உலகிலேயே உயரமானது. அதையும் ரிவர்சைடையும் பார்த்தவர்கள் ஓல்டு ஃபெயித்ஃபுல்லைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மார்னிங் குளோரி ஒரு காலத்தில் முழு நீலமாக இருந்தது. வருகிறவர்கள் காசும் குப்பையும் போட்டுப்போட்டு ஊற்றுக்கண் அடைபட்டு, சூடு குறைந்து, ஓரங்களில் மஞ்சளும் ஆரஞ்சும் படர்ந்துவிட்டன.

நடக்க முடியாதவர்கள் ஓல்டு ஃபெயித்ஃபுல் இன் விடுதிக்குள் போய் உட்காரலாம். 1904-இல் திறந்த, முழு மரக்கட்டைகளால் ஆன கட்டடம். நடுக்கூடத்துக் கணப்பைச் சுற்றி நாற்காலிகள் இருக்கும், அறை எடுக்காதவர்களும் உள்ளே போகலாம்.

பதினொரு மணி வாக்கில் காரை எடுத்து வடக்கே திரும்புங்கள். இப்போதுதான் கிராண்ட் பிரிஸ்மாட்டிக்கின் நேரம். வெயில் உச்சிக்கு வர, காற்றில் சூடு ஏற, ஆவி மெலிந்து நிறம் தெரியும். நடுவில் ஆழ்ந்த நீலம், அதைச் சுற்றிப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, துருச் சிவப்பு. சூட்டைத் தாங்கும் நுண்ணுயிர்கள் வெவ்வேறு வெப்பத்தில் வெவ்வேறாக வளர்வதால் வரும் வளையங்கள் அவை. நடுப்பகுதியின் கொதிப்பில் அவை பிழைக்காததால் அங்கே தண்ணீரின் நீலம் மட்டும். இதே பூங்காவின் ஓர் ஊற்றில் 1966-இல் எடுக்கப்பட்ட ஒரு பாக்டீரியாவின் நொதிதான் பின்னாளில் பிசிஆர் பரிசோதனையைச் சாத்தியமாக்கியது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுக்கொண்ட அத்தனை பேருக்கும் இந்தப் பூங்காவோடு ஒரு தொடர்பு உண்டு!

இதைப் பார்க்க இரண்டு இடங்கள். பக்கத்திலேயே போகும் பலகை நடைபாதை மிட்வே பேசினில். மேலிருந்து முழு வட்டமாகப் பார்க்க ஃபேரி ஃபால்ஸ் தடத்தின் வாகன நிறுத்தத்திலிருந்து முக்கால் மைலுக்கும் குறைவாக நடந்து, நூறடி ஏறினால் ஒரு காட்சி மேடை. ஒன்றுக்குத்தான் தெம்பு என்றால் மேடையைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் படங்களில் பார்த்த அந்த வண்ணச் சக்கரம் கீழே நிற்கும்போது தெரியாது. வசந்தத்தில் போகிறவர்கள் கவனிக்க: கரடிகளுக்காக அந்தத் தடம் மே மாதக் கடைசி வரை மூடியிருக்கும். மிட்வேயில் வாகன நிறுத்தம் சிறியது, நண்பகலில் வரிசை சாலை வரை நீளும். அதனால் முதலில் மேடை, மாலை ஐந்துக்கு மேல் மிட்வே என்று வைத்துக்கொள்ளலாம். கோடையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும்.

இடைப்பட்ட நேரத்துக்கு ஃபவுண்டன் பெயின்ட் பாட். அரை மைல் சுற்றுக்குள் கெய்சர், வெந்நீர் ஊற்று, ஆவித் துளை, கொப்பளிக்கும் சேறு என நான்கு வகையும் ஒரே இடத்தில் கிடைக்கும். சிறுவர்களுக்கு அந்தச் சேறு ஒன்றே போதும். அருகிலிருக்கும் பிஸ்கட் பேசின் 2024 ஜூலை 23 அன்று திடீரென்று வெடித்துக் கல்லையும் சேற்றையும் வாரி இறைத்தது. அதன் பிறகு மூடிவிட்டார்கள். திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலகையை விட்டு இறங்காதீர்கள்

இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஊற்றுகளைச் சுற்றியுள்ள தரை, பார்க்கக் கெட்டியாக இருக்கும். பல இடங்களில் அது கொதிநீருக்கு மேல் படர்ந்த மெல்லிய ஓடு. இதுவரை இருபது பேருக்கு மேல் வெந்நீரில் விழுந்து இறந்திருக்கிறார்கள், விலங்குகள் கொன்றவர்களைவிட இது அதிகம். கிராண்ட் பிரிஸ்மாட்டிக்கில் காற்று தொப்பியைப் பறித்துக்கொண்டு போகும். போனால் போகட்டும். அதை எடுக்கக் காலைக் கீழே வைக்கக் கூடாது. சிறு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கெய்சர் ஆவி கேமரா லென்சிலும் மூக்குக் கண்ணாடியிலும் பட்டால் உடனே துடையுங்கள், அதிலுள்ள சிலிக்கா காய்ந்தால் கறை போகாது.

விலங்குகளிடம் இடைவெளி: கரடி, ஓநாய், மலைச்சிங்கம் என்றால் 100 கஜம், மற்ற எல்லாவற்றுக்கும் 25 கஜம். பைசன் சாதுவாகத் தெரியும். ஆனால் பூங்காவில் வேறெந்த விலங்கையும்விட அதிகம் பேரைக் காயப்படுத்தியது அதுதான், ஓடினால் மனிதனைப் போல மூன்று மடங்கு வேகம். வால் நிமிர்ந்தால் பின்வாங்குங்கள். ட்ரோனுக்கு அனுமதி இல்லை. காட்டுத் தடங்களில் நடப்பதாக இருந்தால் கரடி ஸ்ப்ரே வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் கொண்டுவர முடியாது, அங்கேயே வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும்.

இரண்டாம் நாள்: விலங்குகளும் அருவியும்

இன்றைக்கு இன்னும் சீக்கிரம், ஐந்து மணிக்கே. மேடிசன், நாரிஸ் வழியாகக் கேன்யன் சந்திப்புக்கு 40 மைல். அங்கே நிற்காமல் தெற்கே ஹேடன் பள்ளத்தாக்குக்குப் போய்விடுங்கள். யெல்லோஸ்டோன் ஆறு வளைந்து போகும் அகன்ற புல்வெளி. சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரத்தில் பைசன் கூட்டங்கள் ஆற்றைக் கடக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் கிரிஸ்லி கரடி. பெரிய லென்சுகளோடு நாலைந்து பேர் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் நீங்களும் ஒதுங்குங்கள். கேட்டால் தொலைநோக்கியில் காட்டுவார்கள்.

ஓநாய் பார்த்தே ஆக வேண்டும் என்றால் லமார்தான் போக வேண்டும். 1995, 96-இல் கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்ட பகுதி அது. ஆனால் அங்கேயும் பெரும்பாலும் ஒரு மைலுக்கு அப்பால் நகரும் புள்ளிகளாகத்தான் தெரியும், நல்ல தொலைநோக்கி வேண்டும். இரண்டு நாள் பயணத்தில் அதற்கு ஒரு காலை முழுதையும் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எட்டரை, ஒன்பது மணிக்குக் கேன்யனுக்குத் திரும்புங்கள். தென்கரைச் சாலையின் முடிவில் ஆர்ட்டிஸ்ட் பாயின்ட். மஞ்சளும் இளஞ்சிவப்புமான பாறைச் சுவர்களுக்கு நடுவே லோயர் ஃபால்ஸ், 308 அடி, நயாகராவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு உயரம். நல்ல வெயில் அடிக்கும் காலைகளில் அருவியடியில் வானவில் தெரிவதுண்டு. சக்கர நாற்காலியிலும் போகக்கூடிய இடம். அப்பா அம்மாவை இங்கே நிதானமாக உட்கார வையுங்கள். முழங்கால் ஒத்துழைக்கிறவர்கள் வடகரைக்கு வந்து, பிரிங்க் ஆஃப் லோயர் ஃபால்ஸ் தடத்தில் அறுநூறு அடி இறங்கலாம். தண்ணீர் விளிம்பைத் தாண்டி விழும் அந்த நொடிக்குப் பக்கத்தில், அதிரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். இறங்குவது சுலபம். ஏறும்போது இந்த உயரத்தின் காற்று எவ்வளவு மெலிது என்று புரியும்.

மதியம் திரும்பும் வழியில் நாரிஸ். பூங்காவிலேயே சூடான ஊற்று வயல். ஆயிரம் அடிக்குச் சற்று அதிகமான ஆழம் வரை துளையிட்டுப் பார்த்தபோது 237 டிகிரி செல்சியஸ் இருந்ததாம். போர்சலின் பேசின் சுற்று அரை மைல்தான், முட்டை அழுகிய வாடை மூக்கைத் துளைக்கும். உலகின் மிக உயரமான கெய்சரான ஸ்டீம்போட் இங்கேதான் இருக்கிறது, 300 அடிக்கு மேல் எழும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. காத்திருக்க வேண்டாம்.

ஒரே நாள்தான் என்றால்

கீழ் வளையத்தைக் கடிகாரச் சுற்றில் போங்கள். விடியற்காலை மேடிசன், நாரிஸ் கடந்து நேரே ஹேடன். பிறகு கொஞ்சம் பின்னால் வந்து ஆர்ட்டிஸ்ட் பாயின்ட். மீண்டும் தெற்கே ஏரியை ஒட்டி வெஸ்ட் தம்ப், அங்கே கரையோரக் கொதி ஊற்றுகளைப் பார்த்தபடி மதியச் சாப்பாடு. மூன்று மணி வாக்கில் ஓல்டு ஃபெயித்ஃபுல், ஓர் எழுச்சி, ஒரு சிறு நடை. கடைசியாக மாலையில் கிராண்ட் பிரிஸ்மாட்டிக். காலையில் விலங்கு, மாலையில் வண்ணம் என்று வரிசை தானாக அமைந்துவிடும். நாரிஸை விட்டுவிடுங்கள். எதிர்ச்சுற்றில் போனால் ஹேடனுக்கு வந்து சேரும்போது உச்சி வெயிலாகிவிடும்.

தெற்கு வாயிலில் நுழைந்து மேற்கில் வெளியேறும், அரை நாள் மட்டுமே உள்ளவர்களுக்கு: வாயிலிலிருந்து வெஸ்ட் தம்ப் 22 மைல், அங்கிருந்து ஓல்டு ஃபெயித்ஃபுல் 17 மைல், அடுத்தது கிராண்ட் பிரிஸ்மாட்டிக், அவ்வளவுதான். நடுவே கிரெய்க் கணவாயில் ஐசா ஏரி என்ற ஒரு சின்னக் குளம் வரும். அதன் தண்ணீர் ஒரு பக்கம் பசிபிக்குக்கும் மறுபக்கம் அட்லாண்டிக் பக்கமும் வடிகிறது. ஐந்து நிமிடம் நின்று படமெடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பெட்ரோல் ஓல்டு ஃபெயித்ஃபுல்லில் கிடைக்கும். வெளியேறும் ஊரில் போட்டுக்கொள்ளலாம் என்று டாங்க் காலியாகும் வரை ஓட்ட வேண்டாம், பைசன் கூட்டம் எப்போது குறுக்கே வந்து நிற்கும் என்று தெரியாது.